அக்காவின் கிண்ணம்

ஜூன் 4, செவ்வாய்

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டைரிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பிள்ளை எவ்வளவு குடித்தான், எத்தனை தடவை கக்கினான், வெளிக்குப் போனது என்ன நிறம், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி அடுத்த தடவை கொண்டு வரணுமாம். என் புருசன் செந்தட்டி மச்சான், நகைக்கடையில் கொடுத்த பழைய டைரியைத் தேடி எடுத்துத் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் கம்மல் படம். கக்கினதை எழுத நல்ல இடம்தான்.

இன்று மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். தம்பிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி அட்டையில் "பூமயில் குழந்தை" என்றுதான் இருக்கிறது. கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டது. அழுகையில் பழையபடி சத்தம் இருக்கிறது.

டாக்டரம்மா தாளில் படம் போட்டு விளக்கினார். "பாலுக்குன்னு சொந்தமா ஒரு சர்க்கரை இருக்கும்மா. நீங்க போடுற சீனி இல்ல, பாலோடயே ஊறி வர்றது. மாட்டுப்பாலை விடத் தாய்ப்பால்ல இன்னும் ஜாஸ்தி. மத்த பிள்ளைங்க உடம்பு அதை உடைச்சு எரிச்சிரும். உங்க பிள்ளைக்கு அதை எரிக்கிற சத்து பிறவியிலயே இல்ல. தங்கித் தங்கி ஈரல்ல விஷமாயிரும். தாய்ப்பால், மாட்டுப்பால், ஆட்டுப்பால், எதுவும் ஒரு சொட்டு கூடாது. ஆயுசுக்கும்."

சொந்தத்தில் கட்டினதா என்று கேட்டார். அத்தை மகன் என்றேன். முதல் குழந்தை? பொம்பளைப் பிள்ளை, ரெண்டு வருசம் முன்னாடி, தங்கலை என்றேன். எப்படி என்றார். கண்ணு மஞ்சளாச்சு, வாந்தி எடுத்தா, அப்புறம் பால் குடிக்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சொன்னதை இந்த டைரியில் எழுத வேண்டிய அவசியமில்லை.

சோயாமாவு டின் வாங்கி வந்திருக்கிறோம். இனி தம்பிக்கு அதுதான் பால்.

ஜூன் 5, புதன்

ஆறு வேளை குடித்தான். கக்கவில்லை. வெளிக்கு இரண்டு தடவை, மஞ்சள் நிறம்.

சோயாப்பால் பச்சைப் பயறு ஊறவைத்த தண்ணீர் மாதிரி மணக்கிறது. தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறான். அவன் அழும்போதெல்லாம் எனக்கு ரவிக்கை நனைந்துவிடுகிறது. உடம்புக்கு யார் போய்ச் சொல்வது, அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கிறது.

பால் வற்ற வைக்க அத்தை மல்லிகைப்பூ வாங்கி வந்தார். நெஞ்சில் பூவைப் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினால் ரெண்டு நாளில் வற்றிவிடும். கட்டுத்துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. மச்சான் தறியில் ஓடுவதே ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான். போன தடவையும் இதே பூ, இதே துணி. அன்றைக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நான் கல்யாணப் பெண் மாதிரி மணந்துகொண்டு கிடந்தேன். அதிலிருந்து நான் தலையில் மல்லிகை வைப்பதில்லை.

"கட்டிக்க மயிலு, இல்லைன்னா காய்ச்சல் வந்துரும்" என்றார் அத்தை. ராக்கம்மா அத்தை எனக்கு மாமியார் மட்டுமில்லை, எங்கப்பாவோடு கூடப் பிறந்தவர். நான் பிறந்தபோது என் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைத்ததே அவர்தான். அவரிடம் எனக்குப் பயமெல்லாம் கிடையாது.

"பூ வாசம் குமட்டுதுத்தே. எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

ஒரு விஷயம். மூத்தவள் முகத்தைத் திருப்பியபோதெல்லாம் நான் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து ஊட்டினேன். குடிக்காத பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று ஊட்டினேன். அவ்வளவுதான். எழுதியாச்சு.

ஜூன் 7, வெள்ளி

எங்கள் வழக்கத்தில் பெண்பிள்ளை செத்தால் அது வீட்டுக்குக் கன்னி. சாமியறை அலமாரியில் அவளுக்கென்று ஒரு தகரப் பெட்டி. உள்ளே சின்னப் பட்டுப் பாவாடை, நாலு கண்ணாடி வளையல், ஒரு பொட்டு டப்பா. வருசா வருசம் பாவாடையை அளவு கூட்டி மாற்றுகிறார் அத்தை. செத்த பிள்ளை வளருமா என்று ஒரு தடவை கேட்டேன். "பின்ன, வளராமயா இருக்கும்?" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் அவளுக்கு வெண்பா என்று பேர் நினைத்து வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அவர்களுக்கு அவள் கன்னி, அவ்வளவே.

வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைத்ததும் வெள்ளிக் கிண்ணத்தில் சீனி போட்ட பசும்பால் படையல். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். அதற்குள் அவள் வந்து குடித்துவிட்டுப் போவாளாம்.

இன்று திறந்தபோது பால் திரிந்திருந்தது. காலையில் கறந்து காய்ச்சிய பால்தான். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. "கன்னிக்குக் கோவம்" என்றார். "தம்பி பொறந்ததும் நம்மளை மறந்துட்டாகன்னு நெனைக்கிறா. ஒத்தையில இருக்கப் பிடிக்காமக் கூப்பிட வந்துருவா மயிலு."

"வெயில் காலம், பால் திரியத்தான் செய்யும்" என்றேன். வாய்தான் சொன்னது.

ஜூன் 8, சனி

ஆறு வேளை. கக்கவில்லை. பகலில் துணி மடிக்கும்போது சாமியறையில் வளையல் சத்தம் கேட்டது. எலியாக இருக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

அத்தை என்னைக் குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப் போனார். மச்சானிடம் சொல்லவில்லை, அவர் கத்துவார். கோடாங்கி உடுக்கையை அடித்து அடித்து வியர்த்துப் போய், ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை பசியா இருக்குத்தா. மாட்டுப்பால் வேணாங்குது. ஆத்தா பால் கேக்குது. ஒன் மார்ல இன்னும் பால் இருக்கா?"

ஊரில் ஒருத்தர் விடாமல் என் பாலை வற்ற வை, கட்டு, நிறுத்து என்கிறார்கள். இவர் ஒருத்தர்தான் இருக்கா என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு மண்டலம் தினமும் கிண்ணத்தில் என் பாலை வைக்கணும். வைத்துவிட்டு நான் வீட்டில் இருக்கக் கூடாது. தாயைப் பார்த்தால் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு போகாதாம். தெருமுனை அம்மன் கோயில் வரைக்கும் நடந்து, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வரணும். அதற்கப்புறம் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே நின்றேன்.

ஜூன் 12, புதன்

கிண்ணத்தில் பிடித்து வைத்தேன். நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன். நல்ல இனிப்பு. நாம் போடாத சர்க்கரை.

தம்பியை அத்தை மடியில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தேன். கதவைத் திறந்தால் கிண்ணம் காலி. துடைத்து வைத்த மாதிரி காலி. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஜூன் 13, வியாழன்

குடித்திருக்கிறாள்.

ஜூன் 17, திங்கள்

தம்பி ஆறு வேளை. ஒரு தடவை கக்கினான்.

இந்த ஆறு நாளாக நான் நன்றாக இருக்கிறேன். தறிக்குப் போகிற பெண்கள், "என்ன மயிலு, மூஞ்சி தெளிஞ்சிருக்கு?" என்று கேட்கிறார்கள். என்னவென்று சொல்வது? சாயங்காலமானால் ஒரு வேலை இருக்கிறது. விளக்கேற்றணும், கிண்ணத்தைக் கழுவணும், அவளுக்குப் பால் வைக்கணும். கோயிலைச் சுற்றும்போது, இந்நேரம் குடிக்க ஆரம்பித்திருப்பாள், இந்நேரம் பாதி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று சுற்றுக்குப் பதில் நாலு சுற்றினேன். நிதானமாகக் குடிக்கட்டும், புரையேறும்.

பால் வற்றிவிட்டதா என்று டாக்டரம்மா போனில் கேட்டார். வற்றிவிட்டது என்றேன்.

ஜூன் 19, புதன்

தம்பி ஐந்து வேளைதான். மூன்று தடவை கக்கினான். சோயாமாவு டின்னில் காற்றுப் பட்டிருக்கும். மச்சானை அனுப்பி வேறு டின் வாங்கி வரச் சொன்னேன். "போன வாரம்தான வாங்குனேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஜூன் 20, வியாழன்

கோயிலிலிருந்து வந்து தம்பியைத் தூக்கினேன். உதட்டோரம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். வாயில் பச்சைப் பயறு வாசம் இல்லை. வேறு வாசம். டின் மாற்றியதால் இருக்கலாம். இந்த டின் கொஞ்சம் இனிப்பு.

கிண்ணம் இன்றும் காலி.

ஜூன் 21, வெள்ளி

நாலு வேளை. சுணங்கிச் சுணங்கிக் குடிக்கிறான். மச்சான் அவனைச் சன்னல் பக்கம் தூக்கிப் போய்க் கண்ணை விரித்துப் பார்த்தார். "மயிலு, மஞ்சளா இருக்கே" என்றார். சாயங்கால வெயில் பட்டால் எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

மதுரை. டாக்டரம்மா தம்பியைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். எடை குறைந்திருக்கிறது. ஈரல் வீங்கியிருக்கிறது. ரத்தத்தில் அந்தச் சர்க்கரை ஏறியிருக்கிறது.

"பால் குடுக்குறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"யாராவது சாமி தீர்த்தம், பாயசம், சொட்டு மருந்து, மாத்திரைப் பொடின்னு எதுவும்? சில மாத்திரையில கூட இந்தச் சர்க்கரையை நிரப்புறாங்க."

"இல்ல டாக்டர். சோயாப்பால் மட்டும்தான். எழுதியிருக்கேன் பாருங்க."

அவர் டைரியைப் புரட்டினார். மற்றதைப் படித்துவிடக் கூடாதே என்று நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேளைக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அம்மா, இது சோயாவால வர்றது இல்ல. எங்கேயோ இருந்து பால் உள்ள போகுது. இன்னும் நாலு நாள் போனா மூத்த பிள்ளைக்கு ஆனதுதான் இவனுக்கும்." உடனே படுக்கையில் சேர்க்கணும் என்றார். படுக்கை புதன்கிழமைதான் காலியாகுமாம். அதுவரைக்கும் வீட்டில் வைத்துக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கணும், மோசமானால் உடனே ஓடி வரணும் என்றார்.

பஸ் திருவில்லிபுத்தூர் தாண்டியதும் மச்சான் கேட்டார்: "நீ குடுக்குறியா மயிலு? கோவிச்சுக்கிற மாட்டேன். சொல்லு."

"ஒங்க பிள்ளையை நானே கொல்வேனா?" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஜூன் 25, செவ்வாய்

வீட்டில் இருந்த சொட்டு மருந்து, வயிற்றுவலிப் பொடி, வசம்பு, எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். பாட்டில்களை மூன்று தடவை கொதிக்க வைத்தேன். நான் தொட்ட கையோடு அவனைத் தூக்குகிறேனோ என்று கையைச் சோப்புப் போட்டுத் தோல் உரியக் கழுவினேன். எல்லாம் செய்தேன்.

சாயங்காலம் கிண்ணத்தையும் வைத்தேன். அவள் காத்திருப்பாளே. இன்று ஒரு நாள் மட்டும் என்று வைத்தேன்.

தம்பிக்கு அழச் சத்தம் வரவில்லை. வாயைத் திறக்கிறான், மூடுகிறான். பாட்டிலைக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைத் திருப்புகிறான். வலது பக்கமாக. அவளும் வலது பக்கமாகத்தான் திருப்புவாள்.

ஜூன் 26, புதன்

விடியற்காலையிலேயே மச்சான் கார் பேசப் போனார். கார் எங்கேயும் கிடைக்கவில்லை, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அதனால் விளக்கு வைக்கிற நேரம் நாங்கள் வீட்டில் இருந்தோம். பை கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது.

"போறதுக்கு முன்ன கன்னிக்கு வச்சிரு" என்றார் அத்தை. வைத்தேன். கதவைச் சாத்தினேன். தம்பியை அவர் கையில் கொடுத்தேன். வாசலில் செருப்பைச் சத்தமாகத் தேய்த்தேன். தெருவில் நாலு எட்டு நடந்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சாமியறைக் கதவு ஒருக்களித்திருந்தது. விளக்குக்கு முன்னால் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பி மடியில். வெள்ளிக் கிண்ணம் கையில். என் பாலைச் சங்கில் ஊற்றி அவன் வாயில் வைத்திருந்தார். அவன் முகத்தைத் திருப்பினான். அவர் கன்னத்தை மெல்ல அழுத்தினார்.

"அக்கா குடிச்ச மிச்சம்டா, என் சாமி. இது பால் இல்ல, பிரசாதம். எச்சியைப் பங்கு போட்டுக்கிட்டா அக்கா ஒன்னையக் கூப்பிட மாட்டா. குடிச்சிரு ராசா. ஒரே ஒரு சங்கு."

அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தம்பி தொண்டையில் இறங்குகிற சத்தமும் கேட்டது. ஆனால் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தம்பியைப் பற்றித் தோன்றவில்லை. அப்ப அவ குடிக்கலையா, அத்தனை நாளும் அவ வரவே இல்லையா, அதுதான் தோன்றியது. என்னைப் பெற்றவள் கேட்டால் காறித் துப்புவாள்.

போய்ப் பிள்ளையைப் பிடுங்கினேன். சங்கு உருண்டு போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. அத்தை என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரைத் திட்டவில்லை. வாசலில் கார் ஹாரன் அடித்தது.

ஜூன் 29, சனி

ஆஸ்பத்திரி. கையில் ஊசிக்கு இடமில்லாமல் காலில் குத்தியிருக்கிறார்கள். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குகிறது. இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் மச்சான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "இத்தனை நாள்ல நீங்க எதையுமே கவனிக்கலையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

நான் இந்த டைரியில் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஜூலை 1, திங்கள்

அழுதான். சத்தமாக அழுதான். வார்டில் பக்கத்துக் கட்டில்காரம்மா, "ஒங்க பிள்ளைக்கு நல்ல தொண்டை" என்று சலித்துக்கொண்டார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஜூலை 3, புதன்

மூன்று வேளை சோயாப்பால். கக்கவில்லை. கண் தெளிகிறது.

அத்தை இன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டுக்குள் வரவில்லை. வராந்தாவில் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். மச்சான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் போனேன்.

"எனக்கு ரெண்டு போச்சு மயிலு" என்றார். "ஒன் புருசனுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. ரெண்டும் பால் தங்காமத்தான் போச்சு. அதுகளுக்கு நான் ஒரு வெள்ளிகூடப் பால் வைக்கலை. ஆம்பளைப் பிள்ளைகளுக்கு யாரு வச்சா? அதுகதான் ஒன் மகளைக் கூப்பிட்டுச்சுன்னு கோடாங்கி சொன்னாரு. இவனையாச்சும் பிடிச்சு வைக்கணும்னுதான் குடுத்தேன். சாமிக்கு வச்சது பால் இல்லைன்னு நெனச்சேன்த்தா. நானே எம் பேரனுக்கு."

முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். எனக்குக் கோவம் இருந்தது. நிறைய இருந்தது. அதைத் தூக்கி அவர் தலையில் போடலாம், ஊரே என் பக்கம்தான் பேசும். ஆனால் கிண்ணத்தை நிரப்பியது நான். ஊட்டின கையை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

"மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தீங்களாத்தே?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூக்காரியைத் தேடிப் போனார். குளியலறையில் வைத்து அவரே கட்டிவிட்டார். இறுக்கமாகக் கட்டினார். வலித்தது. வாசம் குமட்டியது. பொறுத்துக்கொண்டேன்.

ஜூலை 6, சனி

பூ இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. இன்று தம்பி அழுதபோது ரவிக்கை நனையவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏழு வேளை. கக்கவில்லை. எடை கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறோம். கேக், பாயசம், பால்கோவா, எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மச்சான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் அத்தை விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையாச்சே. அவளுக்கு என்னத்தை வைக்க?" என்றார். அவர் குரல் என்னிடம் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

தம்பிக்குக் கலக்கும்போது ஒரு கரண்டி மாவு கூடப் போட்டேன். அதில் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றினேன். ரெண்டு வருசமாக வெள்ளிதோறும் அவள் முகத்தைத் திருப்பிய அதே பாலைத்தான் முன்னால் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். "இந்தாடி வெண்பா" என்றேன். "தம்பி குடிக்கிறதுதான். ஒனக்கும் இதைத்தான் குடுத்திருக்கணும். எங்களுக்குத் தெரியலை." பேரைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டேன். அத்தையும் கூட வந்தார். மூன்று பேருமாகக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம்.

பூட்டில் சாவியை நுழைத்தேன். காலியாக இருக்கணும் என்று ஒரு மனசு சொன்னது. ஒரே ஒரு தடவை, நிஜமாகவே அவள் வந்து, அவளுக்கு ஒத்துக்கிற பாலை அவளே குடித்திருந்தால் என்ன?

கிண்ணம் நிறைந்திருந்தது. மேலே லேசாக ஆடை கட்டியிருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

அத்தை என் தோளைப் பிடித்தார். தம்பி என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினான். வாயை மோந்து பார்த்தேன். பச்சைப் பயறு வாசம்.

கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்புறம் அவளைக் கும்பிட்டேன். அடுத்த வெள்ளியும் இது இப்படியே நிறைந்திருக்கணும் என்று கும்பிட்டேன்.